வாசல் கதவுப் பூட்டுக்கு மூன்றாவது சிலிண்டர்: மூன்றரை வருஷ அனுபவம்

திண்டுக்கல்லில் பிறந்தவளுக்குப் பூட்டு வாங்கத் தெரியவில்லை என்றால் ஊரில் சிரிப்பார்கள். நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பூட்டுப் பட்டறை இருந்தது. காலையில் அரம் போடுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்போம். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா போன் போட்டு, ஏதோ எனக்கே பட்டம் கிடைத்த மாதிரி சொன்னார். நான் அப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ பீச்சில், கல்யாணமாகி வந்து ஏழு வருஷமான மருமகள். அந்தப் பெருமையெல்லாம் 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் இறங்கிவிட்டது.

அன்று டர்பன் டவுனில் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். பணம் பெரிதாக இல்லை. ஆனால் பையில் வீட்டுச் சாவி இருந்தது. கூடவே முகவரி போட்ட தண்ணீர் பில். இரண்டும் ஒரே பையில் போனால் என்ன அர்த்தம் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கதவுக்கு வெளியே இருக்கும் இரும்புக் கம்பிக் கதவான சேஃப்டி கேட்டின் சாவி என் கணவரிடம் இருந்ததால் அது தப்பித்தது. உள்ளே இருக்கும் மெராண்டி மரக்கதவின் பூட்டை மாற்றியே ஆக வேண்டும்.

முழுப் பூட்டையும் கழற்றி எறியணும், மரத்தைச் செதுக்கணும், ஆள் கூப்பிடணும் என்றுதான் நினைத்தோம். எதுவும் வேண்டாம். பூட்டில் சாவி போகிற பித்தளைக் கட்டியை, அதாவது சிலிண்டரை, மட்டும் மாற்றினால் போதும். கதவைத் திறந்து வைத்து, அதன் விளிம்பில் நாக்கு வெளியே வருகிற தகட்டைப் பாருங்கள். சாவித் துளையின் உயரத்தில் தனியாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டரின் நடுவில் இருக்கிற குட்டி நாக்கு உடம்போடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அப்படியே இழுத்தால் கையோடு வந்துவிடும். சாவி நேராக நின்றாலும் வராது, ரொம்பத் திரும்பினாலும் வராது. அந்தச் சின்னக் கோணத்தைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. இப்போது அரை நிமிஷம்.

நான் செய்த தப்பு, கழற்றிய பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதது. இசிபிங்கோ ரெயில் என்கிற பகுதியில் ஒரு ஹார்டுவேர் கடையில், "முன்கதவுக்கு சிலிண்டர்" என்று கேட்டு, 140 ராண்டுக்கு இருந்ததை வாங்கி வந்துவிட்டேன். மாட்டினால் வெளியே பித்தளை அரை சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நின்றது. உள்ளேயும் அப்படியே. பூட்டியது, திறந்தது, சாவி புதுசு. எனக்கு அது போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அங்கிளுக்குப் போதவில்லை. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பார்த்துவிட்டு, "என்னம்மா, திருடனுக்குக் கைப்பிடி வெச்சிருக்கே" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் பழைய சிலிண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் ஷெட்டில் இருந்த வைஸில் பாதியை இறுக்கினார். மீதிப் பாதியை ஷிஃப்டிங் ஸ்பேனரால் பிடித்து ஒரே ஒரு தடவை அழுத்தினார். 'டக்'. முறுக்கு உடைகிற சத்தம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

உடைந்த இடத்தை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நடுவில் ஸ்க்ரூ போகிற துளை. அதைச் சுற்றி எஞ்சியிருந்த உலோகம் ஒரு ரொட்டியின் கனம்கூட இல்லை. அவ்வளவு கனமாகத் தெரிகிற பித்தளைக் கட்டி அந்த ஒரு இடத்தில் அவ்வளவு மெலிசு. உள்ளேயிருந்து கடுகு மாதிரி குட்டிப் பின்களும், தலைமுடி கனத்தில் ஸ்பிரிங்குகளும் கையில் உதிர்ந்தன. ஊரில் நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் நெம்புகோல் பூட்டு. உள்ளே பட்டை பட்டையாக இரும்பு இருக்கும். இது வேறு சாதி. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு பின்னைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை திரும்பும். ஆனால் எவ்வளவு நுணுக்கமான பின் இருந்தாலும், வெளியே துருத்தி நிற்பதைப் பிடித்து முறிக்க முடிந்தால் பின்னை யார் மதிக்கப் போகிறார்கள்?

அதனால் முதலில் அளவு. ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர், உள்பக்கம் எத்தனை என்று தனித்தனியாக அளக்க வேண்டும். கதவு மட்டுமல்ல, கைப்பிடித் தகட்டின் கனமும் சேரும். எங்களுக்கு வேண்டியது 30/30, நான் வாங்கியது 35/35. அளவுகள் 5 மில்லிமீட்டர் கணக்கில்தான் வரும். வெளித் தகட்டுக்கு மேல் 3 மில்லிமீட்டருக்கு மிஞ்சித் தெரியக் கூடாது. சமமாக உட்கார்ந்தால் உத்தமம். இதெல்லாம் தெரிந்த பிறகும் பத்து மாசம் அந்தத் துருத்தலோடேயே இருந்தோம். சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. அங்கிள் மட்டும் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பார்.

சோம்பலை முறித்தது 2022 ஜனவரியில் ஓர் இரவு. டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் கல்யாணம். அத்தைக்கு முட்டிவலி, வரவில்லை. நாங்கள் திரும்பும்போது பதினொன்றரை. சேஃப்டி கேட் திறந்தது. கதவில் சாவி பாதிக்கு மேல் போகவில்லை. அத்தை உள்ளேயிருந்து பூட்டிவிட்டு, சாவியை அப்படியே துளையில் விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். சாதாரண இருபக்கச் சாவி சிலிண்டரில் உள்ளே சாவி இருந்தால் வெளிச்சாவி வேலை செய்யாது. அத்தை படுக்கும்போது காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்.

கதவைத் தட்டினோம், ஜன்னலைத் தட்டினோம், போன் அடித்தோம். மூன்று வீட்டு நாய்களும் எழுந்துவிட்டன, அத்தை எழவில்லை. யாரோ புகார் செய்து ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் என்கிற ஆயுதக் காவல் வண்டி வந்து, பட்டுப்புடவையில் நின்ற என் முகத்தில் டார்ச் அடித்தது. கடைசியில் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டு, இரவு நேரக் கட்டணம் 850 ராண்டு கொடுத்து உள்ளே போனோம். எப்படித் திறந்தார் என்கிறீர்களா? வெளியே துருத்திக்கொண்டிருந்த பாகத்தைப் பிடித்து முறித்துத்தான். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அடுத்த சில வாரம் கடைசியாகப் படுக்கப் போகிறவர் நாதாங்கி போடுவதும், வெளியே போனால் யாராவது ஒருவர் வீட்டில் இருப்பதுமாக ஓட்டினோம். மார்ச் மாசம் வாங்கியதுதான் இப்போது இருப்பது. அளவு 30/30. வெளியே சாவி, உள்ளே கையால் திருகும் குமிழ். முன்பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. யாராவது முறித்தால் அந்த முன்துண்டு மட்டும் உடைந்து விழும், மிச்சம் கதவுக்குள்ளேயே நின்று பூட்டைக் காக்கும். 620 ராண்டு. ஐந்து சாவியும் ஒரு எண் அட்டையும் தந்தார்கள். அந்த அட்டை இருந்தால்தான் கம்பெனியில் புதுச்சாவி வெட்டித் தருவார்கள்.

குமிழா, இரண்டு பக்கமும் சாவியா என்பதில் வீட்டில் ஒரு வாரம் சண்டை. என் கணவர் கட்சி: ஜன்னலை உடைத்துக் கைவிட்டுக் குமிழைத் திருகிவிடுவான். நியாயமான பயம். உங்கள் கதவிலேயோ கதவை ஒட்டியோ கண்ணாடி இருந்தால் குமிழ் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். இரண்டு பக்கமும் சாவி இருந்தாலும் வெளிச்சாவி வேலை செய்கிற மாதிரி சிலிண்டர் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கதவு முழு மரம், பக்கத்தில் சுவர், ஜன்னல் எட்டாத தூரம். என் கட்சி: உள்ளே சாவி போட்டுத்தான் திறக்கணும் என்றால், சாவியை எங்கே வைப்பீர்கள்? ஆணியில். ஆணி எங்கே? ஜன்னல் பக்கம். பர்கலர் கார்டு என்கிற ஜன்னல் கம்பி வழியாக நீளக் கம்பியை விட்டுத் தூண்டில் போடுகிற மாதிரிச் சாவியை எடுப்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைவிடப் பெரிது, நடுராத்திரி தீப்பிடித்தால் வாதம் வந்த விரலோடு அத்தை சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? கரண்ட் போகும் நேரமெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீடு இது. இதைச் சொன்னதும் அவர் பேசவில்லை.

2023-இல் லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது குமிழின் அருமை தெரிந்தது. இருட்டில் தடவினாலே கிடைக்கும்.

மாட்டி ஒரு மாசத்தில் அந்த 2022 ஏப்ரல் வெள்ளம். 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் டர்பன் பக்கம் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் குழாயிலும் வரவில்லை. ஊரே நாள்கணக்கில் ஈரத்தில் ஊறியது. வீட்டுப்பாடு பெரிதாக இருந்ததால் கதவைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது சாவி திரும்ப மறுத்தது. 620 ராண்டு போச்சு என்று நினைத்து, கடைக்காரரைத் திட்டத் தயாரானேன். அங்கிள்தான் ஒரு சோதனை சொன்னார்: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பார். வெண்ணெய் மாதிரி திரும்பியது. குற்றவாளி சிலிண்டர் இல்லை. மரம் ஊறிக் கதவு இறங்கி, பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்தில் இருக்கும் தகட்டில் போய் இடித்திருக்கிறது. தகட்டின் துளையைக் கீழே ஒன்றரை மில்லிமீட்டர் அரத்தால் தேய்த்தேன். நாகல் நகர் ரத்தம், அரம் பிடிக்க மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவி இறுகினால் வலுவாகத் திருகாதீர்கள். முதலில் திறந்த கதவில் பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் அத்தையோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. முந்தைய சிலிண்டருக்கு அவர் மாசம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடல் எங்களுக்கு ஐந்நூறு அடி. எண்ணெயில் தூசியும் உப்பும் ஒட்டி, பசையாகி, பின்கள் மேலே போனால் இறங்காமல் நின்றன. இப்போது எண்ணெய் தடை. பென்சில் முனையைச் சாவியின் பற்களில் கறுக்கத் தேய்த்து நாலைந்து முறை போட்டு எடுப்பேன். பென்சில் கரியில் இருக்கும் கிராஃபைட் வழுக்கும், ஒட்டாது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை. கைவிரல் கறுப்பாகும், அவ்வளவுதான்.

உப்பு சிலிண்டரின் பித்தளையைக் கொல்லவில்லை. முகத்தில் பூசிய பளபளப்புதான் இரண்டாம் வருஷமே அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகிவிட்டது, சாவித் துளையைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை பூத்திருக்கிறது. அழகு கெட்டது, வேலை கெடவில்லை. உண்மையில் துருப்பிடித்தது கதவு விளிம்பில் இருக்கும் அந்த ஒற்றை ஸ்க்ரூ. 2023 டிசம்பரில் கழற்றப் பார்த்தபோது தலை வழுக்கிப் போகும் நிலை. ரப்பர் பேண்டை ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூடிரைவர் முனைக்கும் நடுவில் வைத்து அழுத்தி எப்படியோ எடுத்தேன். அது தலை தேய்ந்திருந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, நுனியில் கொஞ்சம் கிரீஸ். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டுகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. குமிழை இறுக்கிப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ ஒரு வருஷத்துக்குமேல் தளர்ந்து, குமிழ் சுற்றும், பூட்டு சுற்றாது என்றானது. 2 மில்லிமீட்டர் ஆலன் கீ இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இல்லாத நாளில் பதற்றம். இன்னொன்று என் மகன். மூன்று வயசில், நான் பின்னால் துணி காயப்போட்டு முன்பக்கமாகச் சுற்றி வருவதற்குள் குமிழைத் திருகிவிட்டு உள்ளே நின்று கைதட்டினான். வெளிச்சாவி இருந்தால் திறந்திருக்கும். என் கையில் இருந்தது துணி கிளிப் மட்டும். ஜன்னல் வழியாக "திருப்பு கண்ணா, அந்தப் பக்கம்" என்று இருபது நிமிஷம் கெஞ்சினேன். அன்றிலிருந்து ஒரு சாவி அங்கிள் வீட்டு ஆன்ட்டியிடம்.

கொழுந்தனுக்காக வெளிக்கடையில் வெட்டிய ஒரு சாவி, நகலிலிருந்து எடுத்த நகல். ஆறு மாசம் சரியாக இருந்தது, பிறகு உள்ளே போய் வர மறுத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அட்டையைக் காட்டி அசல் சாவியே வாங்கினேன். மும்மடங்கு விலை. கொழுந்தன் பணம் இன்னும் தரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சமையலறைப் பின்கதவு என்று ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது வீடு கட்டிய காலத்து நெம்புகோல் பூட்டு, விரல் நீள இரும்புச் சாவி. சிலிண்டர் கிடையாது, மாற்றுவதென்றால் பூட்டையே மாற்றணும். அத்தை முப்பது வருஷமாக அதற்கும் எண்ணெய் விடுகிறார். அது மட்டும் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. அங்கிள் அதை மாற்றச் சொல்கிறார், நான் கேட்காத மாதிரி இருக்கிறேன்.