பாதிக் காப்பியில் காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்: லினக்ஸில் எந்த வைத்தியம் முதலில்?

எக்ஸ்டர்னல் டிஸ்க் நடுவில் அறுந்துபோனால் கேபிளை மாற்று என்பார் ஒருவர், யுஏஎஸ்ஸை (யுஎஸ்பி டிஸ்க்கோடு பேசும் புதிய முறை) அணை என்பார் இன்னொருவர், எஃப்எஸ்சிகே (fsck, கோப்புகளின் கணக்கான ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டு என்பார் மூன்றாமவர். மூன்றும் வெவ்வேறு நோய்க்கான மருந்து. எது உங்களுக்கு என்று லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் லாக்கே பெரும்பாலும் காட்டிவிடும். அறுந்தவுடன் டெர்மினலில் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்து அந்த லாக்கைப் பாருங்கள். வெறுமனே ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்றிருந்தால் மின்சாரம், கேபிள், போர்ட் பக்கம் போகலாம். யுஏஎஸ் பெயரில் ‘அபார்ட்’ (abort) வரிகள் வந்து பின்னாலேயே ரீசெட்டும் வந்தால், டிஸ்க் பெட்டிக்குள் யுஎஸ்பியையும் டிஸ்க்கின் சாட்டா இணைப்பையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப் மேல் சந்தேகம். ‘மீடியம் எரர்’ வந்தால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது.

மின்சாரத்தில் ஆரம்பிப்பதுதான் சரி, ஏனென்றால் டேட்டாவுக்கு அதனால் ஆபத்தே இல்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 என்றால் 900. சுழலத் தொடங்கும் நொடியில் 2.5 அங்குல டிஸ்க் இதைத் தாண்டிக் கேட்கலாம். தனி அடாப்டர் உள்ள ஹப், கூடவே குட்டையான நல்ல கேபிள் போதும். 3.5 அங்குல டிஸ்க்குக்குச் சொந்த அடாப்டர் இருப்பதால் ஹப் அங்கே வீண் செலவு. அந்த அடாப்டரைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது யுஏஎஸ்ஸா, பழைய யுஎஸ்பி-ஸ்டோரேஜா என்ற வழக்கு. பழையது ஒரு கட்டளையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்கும். யுஏஎஸ் பல கட்டளைகளை வரிசையில் வைத்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில பிரிட்ஜ் சிப்கள் யுஏஎஸ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, வேலை குவிந்ததும் திணறிவிடும். அணைப்பது எளிது: எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை காட்டும் அடையாள எண்ணோடு ‘யு’ (u) என்ற எழுத்தைச் சேர்த்து, கெர்னல் பூட் வரியில் யுஎஸ்பி-ஸ்டோரேஜின் குவிர்க்ஸ் (quirks, விதிவிலக்கு) அமைப்பாகக் கொடுக்க வேண்டும். அந்த எண் உள்ள பெட்டிகளை மட்டும்தான் இது பாதிக்கும். வேகம் குறையுமே என்றால், சுழலும் டிஸ்க்கில் தட்டின் வேகமே எல்லை, வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. எனவே தயங்காமல் அணையுங்கள். எஸ்எஸ்டி என்றால் சின்னச் சின்னக் கோப்புகளில் இழப்பு நன்றாகவே உறைக்கும். அங்கே அணைப்பதைவிட வேறு பெட்டிக்கு மாறுவதே மேல் என்பேன்.

சும்மா கிடந்தபின் மட்டும் அறுகிறதா? லேப்டாப்பில் டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவி இருந்தால், அதன் விலக்குப் பட்டியலில் டிஸ்க்கைச் சேர்த்துப் பாருங்கள்.

மீடியம் எரர் பார்த்தவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளைக்கு வரலாம். யுஎஸ்பி பெட்டி பதில் தராவிட்டால் ‘சாட்’ (sat) வகை என்று சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். அது தரும் பட்டியலில் 197, 198 எண் கொண்ட வரிகளின் கணக்கு ஏறினால் தட்டில் படிக்க முடியாத இடங்கள் பெருகுகின்றன. 199-ஆம் வரி ஏறினால் யுஎஸ்பி கேபிளைத் திட்டுபவர்கள் உண்டு, பாவம் அது: அந்த எண்ணிக்கை பிரிட்ஜுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான சாட்டா இணைப்பைப் பற்றியது.

எஃப்எஸ்சிகேயா, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவா (ddrescue) என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. எஃப்எஸ்சிகே ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைத்தான் சரிசெய்யும், தட்டை அல்ல. அதுவும் எழுதி எழுதிச் சரிசெய்யும். சாகப்போகிற டிஸ்க்கில் எழுதுவது இருப்பதையும் கெடுக்கும். டிடிரெஸ்க்யூ எளிதில் வரும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பும். எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால், டிஸ்க் நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்புறம் அந்த நகலின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டிக்கொள்ளுங்கள். டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) என்றால் லினக்ஸின் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸை நம்பி நிற்க வேண்டாம். அது சில அடிப்படைப் பிழைகளைத்தான் தீர்க்கும். முழுச் சோதனைக்கு விண்டோஸின் செக்டிஸ்க் வேண்டும், அதுவும் நகலில்தான்.