கடைசி பெஞ்சா, கல்லூரி மேடையா?

பத்துப் பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியவருக்கு, இனி ஆசிரியர்களை உருவாக்கும் வேலைக்குப் போனால் என்ன என்று ஒரு கட்டத்தில் தோன்றும். முக்கியமாக இரண்டு வழிகள். சொந்த வகுப்பை விடாமல், பயிற்சிக்கு வருபவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருப்பது ஒன்று. பள்ளியை விட்டுவிட்டு ஆசிரியர் கல்விக் கல்லூரியில் விரிவுரையாளராவது இன்னொன்று.

வழிகாட்டியின் இடம் கடைசி பெஞ்ச். முன்னால் பயிற்சி ஆசிரியர் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்கிறார். ஒரு பிள்ளை எழுந்து, "ஐந்தில் இரண்டு" என்கிறது. "தப்பு, உட்காரு. வேற யாரு?" வழிகாட்டியின் வேலை இங்கேதான் ஆரம்பம். மணி அடித்ததும் ஒரே கேள்வி: "அது எப்படி ஐந்தில் இரண்டுக்குப் போச்சு?" மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. சரி, ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னதாயிற்றே, கூட்டினால் குறையுமா? மறுநாள் அடுத்த பிரிவில் பயிற்சி ஆசிரியர் இதையே பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். இந்த வேகம் கல்லூரியில் கிடைக்காது.

குறையும் உண்டு. நன்றாக நடத்துபவருக்குத் தான் செய்வதைச் சொல்லத் தெரியாது. "வகுப்பை எப்படி அமைதியாக்கினீங்க?" என்று ஒரு பயிற்சி ஆசிரியை கேட்டபோது, "போகப்போகத் தானா வரும்மா" என்றேன். பதிலா அது!

அந்தச் சொற்களைக் கல்லூரி தரும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளும், வாய் திறக்காத பிள்ளைகளும் பேசும். இதைப் படித்த பிறகுதான், கேள்வி கேட்டுவிட்டு நான் பலகைப் பக்கம் திரும்பி நிற்பது ஏன் பலித்தது என்று புரிந்தது. பாடம் தெரிவது வேறு, அதைப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தெரிவது வேறு என்பதை இன்னொரு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் தனி அறிவாகவே பிரித்துக் காட்டினார். இப்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டால், ஒருவருக்குச் சொல்வதை நாற்பது பேருக்குச் சொல்லலாம்.

ஆனால் அந்த நாற்பது பேருக்கு நடுவில் ஒரு பிள்ளைகூட இருக்காது. 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நுண்ணிலைக் கற்பித்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து, பத்து நிமிடப் பாடம், உடனே விமர்சனம், மறுபடி நடத்துவது. அருமையான யோசனை. அப்புறம் பல இடங்களில் சக பயிற்சியாளர்களே பிள்ளைகளாக உட்காரும் வழக்கம் வந்தது. கைகட்டி உட்கார்ந்து நடிக்கிறவருக்கு "ஐந்தில் இரண்டு" வாயில் வராது. விரிவுரையாளருக்கும் நாலைந்து வருடத்தில் அந்தத் தப்பெல்லாம் மறந்து, பழைய கதைகளே பாடமாகிவிடும்.

கல்லூரிக்கு மேற்பட்டம் கேட்பார்கள், ஆய்வும் கேட்பார்கள். வழிகாட்டிக்கோ பல இடங்களில் பாடவேளைகூடக் குறையாது. இரண்டும் தெரிந்த தொல்லைதான்.

என்னைக் கேட்டால், முதலில் மூன்று நான்கு வருடம் வழிகாட்டி வேலை, அப்புறம் கல்லூரி. அங்கே சேரும்போதே பக்கத்துப் பள்ளியில் வாரம் ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். தரமாட்டோம் என்றால் கடைசி பெஞ்சிலேயே இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்திருப்பேன்.