வளரிளம் பருவத்தினருக்கான பாலியல் நலச் சேவை: தனி மையமா, வழக்கமான கிளினிக்கா, பள்ளியா, மருந்துக்கடையா?

வளரிளம் பருவத்தினருக்கான பாலியல், இனப்பெருக்க நலச் சேவையை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தால் நான்கு யோசனைகள் போட்டி போடும். அவர்களுக்கென்றே ஒரு தனி மையம், ஏற்கெனவே இருக்கும் சுகாதார நிலையத்தைச் சீர்செய்வது, பள்ளிக்குள்ளேயே நர்ஸ், மருந்துக்கடை. நான்குக்கும் வாதாட ஆள் உண்டு. நான்குக்கும் பணம் இருக்கும் இடம் அரிது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரை. முதல் மாதவிலக்கைப் பார்த்து மிரண்ட 11 வயதுச் சிறுமியும், கைக்குழந்தையோடு வரும் 19 வயதுத் தாயும் இந்த ஒரே வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் மட்டும் 15–19 வயதுப் பெண்கள் 2019-இல் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர் கருவுற்றதாக அந்த நிறுவனம் மதிப்பிடுகிறது. அவற்றில் ஏறக்குறைய பாதி, அவர்கள் வேண்டாமென்று நினைத்தவை. அப்படி வேண்டாதவற்றில் 55 சதவீதம் கருக்கலைப்பில் முடிந்தன.

ஒப்பிட வசதியாக இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். 16 வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. 17 வயதுப் பையனுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். வீட்டில் இருவரும் வாய் திறக்கவில்லை. மருத்துவம் என்று பார்த்தால் இரண்டுமே பெரிய விஷயமில்லை: சிறுநீர்ப் பரிசோதனை, பத்து நிமிடப் பேச்சு, தேவைப்பட்டால் கையோடு மருந்து. ஆனால் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதற்குள் இவர்கள் திரும்பிப் போய்விடக்கூடாது. ஒவ்வொரு வாசலிலும் இவர்களை நிறுத்திப் பார்க்கலாம்.

தனி மையம்

பார்க்க அழகானது இதுதான். வண்ணமடித்த சுவர், டேபிள் டென்னிஸ் மேசை, நாலு கம்ப்யூட்டர், மூலையில் ஆலோசனை அறை. திறப்பு விழாப் படம் நன்றாக வரும். நிதி கொடுப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் 2015-இல் இத்துறை ஆய்வாளர்கள் சிலர் பல நாட்டு அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்து, பலன் தராத முறைகள் எவை என்று எழுதியபோது இளைஞர் மையங்களும் அதில் இருந்தன. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்திலேயே குடியிருக்கும், வயதில் சற்று மூத்த ஆண்கள். அவர்கள் வருவது பொழுதுபோக்க. சேவைக்காக வருபவர்கள் கொஞ்சம்தான். டேபிள் டென்னிஸ் ஆடும் அந்தக் கூட்டத்தைத் தாண்டி மூலை அறைக் கதவைத் தட்ட நம் 16 வயதுப் பெண்ணுக்குக் கால் வராது.

அப்படியானால் தனி மையமே வீண் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஸ்வீடன் இருக்கிறது. 1970-இல் தொடங்கிய அந்நாட்டு இளைஞர் கிளினிக்குகள் இன்று 200-க்கும் மேல். அங்கே இருப்பவர்கள் மிட்வைஃப் (பேறுகாலப் பயிற்சி பெற்ற செவிலி), ஆலோசகர், தேவைப்பட்டால் மருத்துவர். கருத்தடை, பால்வினை நோய்ப் பரிசோதனை, மனம்விட்டுப் பேச ஆள், எல்லாம் ஒரே இடத்தில். அதாவது பெயரில் இளைஞர் இருந்தாலும் நடப்பது கிளினிக். பல நாடுகளில் காப்பியடித்தபோது கட்டடம் வந்தது, மிட்வைஃப் வரவில்லை.

வழக்கமான கிளினிக்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். அதனால் இதன் குறைகளைத்தான் கூடுதலாகச் சொல்லவேண்டும்.

முதல் தடை டாக்டர் அல்ல, சீட்டு எழுதும் இடம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து பார்க்காமலே "என்ன பிரச்சினை?" என்று சத்தமாகக் கேட்பார். பின்னால் பத்துப் பேர் வரிசையில். "தலைவலி" என்று சொல்லிவிட்டு, தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேரோ. அடுத்தது நேரம். காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை திறந்திருக்கும் கிளினிக், பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூடியே இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே போனால் வேறு வகைத் தடை. கருத்தடை மாத்திரை கேட்டு வந்தவளிடம் "மாதவிலக்கு வந்தபிறகு வா" என்று திருப்பி அனுப்புவது. மாத்திரைக்குத் தேவையே இல்லாத உள்பரிசோதனை செய்யவேண்டும் என்பது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டு, பதிலைப் பொறுத்து முகத்தை மாற்றுவது. வயது குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கருத்தடை முறையையும் மறுக்க மருத்துவக் காரணம் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அந்த வழிகாட்டி அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

இதைச் சரிசெய்ய வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பி, கதவில் 'இளையோர் நட்பு' என்று பலகை மாட்டுவது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஆறு மாதத்தில் இடமாற்றலாகிப் போவார். பலகை மட்டும் நிற்கும். அதைவிட மோசம், அந்தப் பலகையே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கதவுக்குள் நுழைகிறவர் எதற்காக நுழைகிறார் என்று காத்திருப்போர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறதே! ஒருமுறைப் பயிற்சியோடு நிறுத்தாமல், மேசையில் வைத்துப் பார்க்கக்கூடிய கையேடு, தொடர் மேற்பார்வை, காவலாளி முதல் மருந்தாளுநர் வரை எல்லாருக்குமான பயிற்சி, ஊராரிடம் முன்கூட்டியே பேச்சு, இவையெல்லாம் சேர்ந்த இடங்களில்தான் பிள்ளைகள் வரத் தொடங்கியதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸும் வளரிளம் பருவத்தினர் சேவைக்காக வெளியிட்ட தர அளவுகோல்கள் எட்டு; அவற்றில் கட்டடமும் கருவியும் பற்றியது ஒன்றே ஒன்று.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று மொத்தமாக வாக்குக் கொடுப்பது தவறு. வன்முறையோ உயிருக்கு ஆபத்தோ இருந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும். அதைப் பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிடவேண்டும். பிரிட்டனில் 1985-இல், அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழங்கிய கில்லிக் தீர்ப்பு, 16 வயதுக்குட்பட்டவருக்கு விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமலே கருத்தடை ஆலோசனை தரலாம் என்றது. எல்லா நாடுகளிலும் சட்டம் இப்படி இல்லை. ஒரே வயதுக்காரர்கள் விரும்பிச் சேர்ந்தாலும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும் என்ற நாட்டில், எவ்வளவு கனிவான நர்ஸும் கேட்காமலிருக்கவே பார்ப்பார். அங்கே சுவருக்கு எந்த வண்ணம் அடித்தும் பயனில்லை.

பள்ளி

பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் இதன் பெரிய பலம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது: 9–14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு டோஸ் போட்டாலும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபிறகு, வகுப்பு வகுப்பாகப் போட்டு முடித்துவிடலாம்.

மற்றவற்றுக்கு அவ்வளவு எளிதில்லை. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் 1973-இல் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள் கிளினிக் திறந்தார்கள். முதலில் கர்ப்பம், கருத்தடை, பால்வினை நோய் ஆகியவற்றுக்கு மட்டும். பிள்ளைகள் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. போனால் எதற்கென்று எல்லாருக்கும் தெரியுமே. விளையாட்டு வீரர்களுக்கான உடல் பரிசோதனை, தடுப்பூசி, எடைக் குறைப்பு என்று பொதுச் சேவைகளைச் சேர்த்தபிறகுதான் கூட்டம் வந்தது. நம் 17 வயதுப் பையன் "கால் சுளுக்கு" என்று சொல்லிக்கொண்டு போகலாம்.

பள்ளிப் பாடமும் கிளினிக்கும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 1999-இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் இரண்டையும் சேர்த்தே நடத்தினார்கள். 18 வயதுக்குட்பட்டோர் கருத்தரிப்பு விகிதம் 1998-க்கும் 2018-க்கும் இடையே 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எல்லாப் புகழும் திட்டத்துக்கே என்று சொல்லமாட்டேன்; மற்ற பல நாடுகளிலும் அதே காலத்தில் குறைந்தது. பள்ளியின் பெரிய ஓட்டை வேறு: படிப்பை நிறுத்தியவர்கள், இளவயதிலேயே மணமானவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்கள் பள்ளி வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

மருந்துக்கடை

பெயர் கேட்காத வாசல் இது. வேகம் முக்கியமான இடத்தில் இதற்கு ஈடு இல்லை: லெவோநார்ஜெஸ்ட்ரெல் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, போடவேண்டும். திங்கட்கிழமை கிளினிக் திறக்கும் வரை அது காத்திருக்காது. பிரான்ஸில் சிறுமிகளுக்கு இது மருந்துக்கடையில் இலவசம், பெயரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2023-இல் தினசரிக் கருத்தடை மாத்திரை ஒன்றுக்கே மருந்துச் சீட்டும் வயது வரம்பும் வேண்டாம் என்று அனுமதி கிடைத்தது.

நம் பெண் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை வாங்கிவிடலாம். இரண்டு கோடு விழுந்தால் அடுத்து என்ன என்று சொல்ல ஆள் இல்லை. பையனின் நிலை இன்னும் மோசம். ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கை நாலு நாள் போட்டு நிறுத்துவான். கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமி மருந்துகளுக்கு மசியாமல் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. அவன் இணைக்குச் சிகிச்சை போகாது. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் என்றால் அவளுக்கு அறிகுறியே தெரியாமல் இருந்து, பின்னாளில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம். அவசர மாத்திரை வாங்க வரும் 13 வயதுச் சிறுமியிடம், வீட்டில் யாராவது தொந்தரவு கொடுக்கிறார்களா என்று கல்லாவில் யாரும் கேட்கப்போவதில்லை.

எனக்குக் கொஞ்சம் பணம்தான் கொடுத்தால் முதலில் வழக்கமான கிளினிக்கில் போடுவேன்: பலகை இல்லாமல், மாலை இரண்டு மணி நேரம், தனிச் சீட்டு வரிசை, மொத்த ஊழியருக்கும் பயிற்சி. அடுத்து, அந்தக் கிளினிக் நர்ஸ் வாரம் ஒருநாள் பள்ளிக்குப் போய் முகம் காட்டுவது. மருந்துக்கடைக்காரருக்கு அவசர மாத்திரையோடு கொடுக்கக் கிளினிக் எண் அச்சிட்ட ஒரு அட்டை. தனி மையம் பெருநகரங்களில் மட்டும், அதுவும் மிட்வைஃப் சம்பளத்துக்குப் பத்தாண்டுப் பணம் கையில் இருந்தால்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பதிவேட்டை மாற்றவேண்டும். பல இடங்களில் '15–24' என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. அதில் 23 வயதுக்காரர்கள் வந்து குவிந்தால் எண்ணிக்கை கொழுத்துத் தெரியும். 15 வயதுக்காரர் ஒருவரும் வராதது யார் கண்ணிலும் படாது. 10–14, 15–19, ஆண், பெண், பள்ளியில் இருப்பவர், இல்லாதவர் என்று பிரித்து எழுத ஒரு கோடு போட்ட நோட்டு போதும்.