மூலக்கூறு வடிகலனோடு சில ஆண்டுகள்

மத்தி மீன் எண்ணெயிலிருந்து ஒமேகா-3 செறிவு தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றின் ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே சில ஆண்டுகளாக ஓடிவரும் மூலக்கூறு வாலைவடிப்புக் கருவியை (மூலக்கூறு வடிகலனை), அதாவது ஆழ்ந்த வெற்றிடத்தில் குறைந்த சூட்டிலேயே எண்ணெயை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவியைப் பற்றி எழுதுகிறேன். கண்ணாடியாலான மேசைக் கருவிதான். ஆவியாக்கும் பரப்பு சுமார் 0.05 சதுர மீட்டர். ஆவி கடக்கும் தூரம் குறுகியது என்பதால் எங்களிடையே அதற்கு ‘ஷார்ட் பாத்’ (குறுவழி) என்று பெயர். வாங்கலாமா என்று யாராவது கேட்டால், உங்களிடம் வரும் எண்ணெய் எப்படிப்பட்டது என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி.

மீன் எண்ணெயின் மதிப்பு இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. முன்னதில் ஐந்து இரட்டைப் பிணைப்புகள், பின்னதில் ஆறு. சூடும் காற்றும் சேர்ந்தால் முதலில் கெடுபவை இவைதான். எத்தனாலோடு வினைபுரியவைத்து, எளிதில் ஆவியாகும் எத்தில் எஸ்டராக மாற்றினாலும், சாதாரண அழுத்தத்தில் கொதிநிலையைத் தொடும் முன்பே சிதைந்துவிடும். அழுத்தத்தை 0.001 மில்லிபார் அளவுக்கு (காற்றழுத்தத்தில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இறக்கிவிட்டால் 100 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் ஆவியாகிவிடுகின்றன. வழக்கமான வெற்றிட வாலையில் இந்த அளவை எட்ட முடியாது. அதில் ஆவி நீண்ட குழாய் வழியாக, அதைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டன்சருக்குப் போக வேண்டும். குழாயின் தடையே அடுப்புப் பக்க அழுத்தத்தை உயர்த்திவிடும். இதிலோ கண்டன்சர் சூடான சுவருக்கு நேர் எதிரே, உள்ளேயே நிற்கிறது.

சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மீது மோதாமல் செல்லும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 0.001 மில்லிபாரில் அது ஏழு சென்டிமீட்டரை நெருங்குகிறது. கனத்த எஸ்டர் மூலக்கூறுகளுக்கு அதைவிடக் குறைவுதான் என்றாலும், சுவரிலிருந்து கண்டன்சர் வரையிலான சிறிய இடைவெளியை அவை பெரும்பாலும் தடையின்றிக் கடந்துவிடுகின்றன. சுழலும் டெஃப்லான் உருளைகள் எண்ணெயைச் சுவரில் மெல்லிய படலமாகப் பரப்புகின்றன. ஒவ்வொரு துளியும் சூட்டில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வடிந்து வரும் எஸ்டர் வெளிர் மஞ்சளாக இருப்பதற்குக் குறைந்த வெப்பம் எவ்வளவு காரணமோ, இந்தக் குறுகிய நேரமும் அவ்வளவு காரணம்.

மீன் எண்ணெய்க்கு இது புதிய முறையும் அல்ல. ராச்செஸ்டரில் கோடாக் நிறுவனத்தில் வேலை செய்த கென்னத் ஹிக்மன் 1930களிலேயே இந்த வழியில் மீன் ஈரல் எண்ணெயிலிருந்து வைட்டமின் ஏ எடுத்தார். அதை வணிகமாக்க 1938இல் கோடாக்கும் ஜெனரல் மில்ஸும் சேர்ந்து தனி நிறுவனமே தொடங்கின.

கருவியின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது மென்மையான முறை. நுணுக்கமான முறை அல்ல. ஒரு முறை ஓட்டினால் அதிகபட்சம் ஒரே ஒரு கோட்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான், அதாவது ஒரே ஒரு முறை ஆவியாகிக் குளிரும் அளவுக்குத்தான், பிரிவு நடக்கும். கார்பன் சங்கிலியின் நீளத்தைப் பார்த்துப் பிரிக்குமே தவிர, இரட்டைப் பிணைப்புகளை எண்ணிப் பார்க்காது. 14, 16 கார்பன் எஸ்டர்கள் எளிதாக விலகும், 18 பாதி வழியில் இழுபறி செய்யும். 20, 22 கார்பன் கொண்டவற்றில் நமக்குத் தேவையற்றவை இ.பி.ஏ., டி.எச்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டே வரும். இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து 30 சதவீதம் உள்ள எண்ணெயை இருமுறை ஓட்டி 50 சதவீதத்தைத் தாண்டலாம். அதற்கு மேல் போக, வேறு பிரிப்பு வழிகளான யூரியா முறைக்கோ குரோமட்டோகிராஃபிக்கோதான் செல்ல வேண்டும். விற்பனையாளர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

அன்றாடப் போராட்டமெல்லாம் வெற்றிடத்தோடுதான். எண்ணெயில் கொஞ்சம் ஈரமோ எத்தனாலோ மிச்சமிருந்தால் போதும், சூடான சுவரைத் தொட்டதும் நுரைத்து, கண்டன்சர் மீது தெறித்து, அந்த ஓட்டத்தையே பாழாக்கிவிடும். அதனால் முதல் ஓட்டம் எப்போதும் வாயு நீக்கத்துக்கு மட்டும்: 80 டிகிரிக்குக் கீழே, சில மில்லிபாரில். நேரம் வீணாகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க நான் சம்மதிப்பதில்லை. அழுத்தமானி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். எங்களுக்கு வந்த கருவியில் அது பம்புக்கு அருகில் இருந்தது. அங்கே காட்டும் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். வடிகலனை ஒட்டி இன்னொன்றைப் பொருத்திய பிறகுதான் உண்மையான அழுத்தம் தெரிந்தது.

கண்டன்சரை எவ்வளவு குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முதலில் வடிந்து வரும் பகுதியில் எத்தில் பால்மிடேட் (16 கார்பன் எஸ்டர்) நிறைய வரும். அதன் உருகுநிலை 24 டிகிரியை ஒட்டியது. ஐந்து டிகிரித் தண்ணீரை விட்டால் கண்டன்சரிலேயே மெழுகாகப் படிந்துவிடும். நான் 25 முதல் 30 டிகிரியில் வைக்கிறேன். உலர்பனி போட்ட கோல்ட் டிராப் (தப்பி வரும் ஆவியை உறையவைத்துப் பிடிக்கும் பொறி) வேறு வேலைக்கு, பம்பைக் காப்பாற்றுவதற்கு.

மின்தடை இன்னொரு தலைவலி. ஆழ்ந்த வெற்றிடத்தைத் தரும், சூடான எண்ணெய் ஆவியால் இயங்கும் டிஃப்யூஷன் பம்ப் சூடாக இருக்கும்போது காற்று உள்ளே நுழைந்தால் பம்ப் எண்ணெயும் கெடும், வடிகலனில் இருக்கும் எஸ்டரும் கெடும். யு.பி.எஸ். இல்லாமல் இந்தக் கருவியை வாங்கவே வேண்டாம். ஓட்டம் முடிந்த பின்னும் ஆறவிட்டு, நைட்ரஜனை விட்டுத்தான் வெற்றிடத்தை உடைக்கிறோம்.

கெட்டுப்போன எண்ணெயை இது மீட்டுத் தரும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. எண்ணெய் காற்றில் கெடும்போது முதலில் உருவாகும் பெராக்சைடுகளின் அளவு குறைவது உண்மைதான். ஆனால் பெராக்சைடுகள் சூட்டில் உடைந்து ஆல்டிஹைடுகளாகும். எளிதில் ஆவியாகாதவை எண்ணெயிலேயே தங்கி, ஆல்டிஹைடுகளை அளக்கும் அனிசிடின் எண்ணில் தெரியும். எண்ணெய் வாங்கும்போதே பெராக்சைடு, அனிசிடின் இரண்டையும் பார்த்துவிடுகிறேன். மாசு நீக்கத்திலும் வரிசை முக்கியம். டையாக்சின், பி.சி.பி. போன்ற நச்சு மாசுகளை எஸ்டராக்கும் முன்பே, எண்ணெய் அதன் இயல்பான டிரைகிளிசரைடு வடிவில் இருக்கும்போதே, 180 டிகிரிக்கு மேல் ஓட்டி நீக்கிவிட வேண்டும். அப்போது கனத்த எண்ணெய் எச்சமாகத் தங்க, அவை ஆவியாகி வெளியேறும். எஸ்டராக்கிய பின் எஸ்டர், மாசு இரண்டின் ஆவியாகும் தன்மையும் நெருங்கிவிடுவதால் பிரிப்பது கடினம்.

வடித்த எஸ்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. எண்ணெயில் இயற்கையாக இருந்து அது கெடாமல் காத்த டோகோஃபெராலில் (வைட்டமின் ஈ) பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடுகிறது. பாத்திரத்தில் விழுந்த கையோடு டோகோஃபெரால் சேர்த்து, நைட்ரஜன் நிரப்பி மூடாவிட்டால் சில நாட்களிலேயே மீன் வாடை திரும்பிவிடும்.

செலவைப் பொறுத்தவரை, கருவியின் விலையைவிடத் தொடர்ந்து வாங்க வேண்டிய பொருட்களைக் கணக்கிடுங்கள்: பம்ப் எண்ணெய், ஓ-ரிங்குகள், தேயும் உருளைகள், உலர்பனி. கரைப்பானை நீக்குவது மட்டுமே உங்கள் வேலை என்றால் ரோட்டரி எவாப்பரேட்டரே (சுழலும் குடுவையில் கரைப்பானை ஆவியாக்கும் எளிய கருவி) போதும். மீதிப் பணத்தில் நல்ல எண்ணெய் வாங்கலாம்.