கல்லடியில் 26,400

2003 ஆகஸ்ட். கச்சான் காற்று கதவை அடித்துச் சாத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். மட்டக்களப்பு, கல்லடியில் மாமா வீட்டு விறாந்தையில் மடிக்கணினியை விரித்துத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துக்குத் தொடுத்தபோது திரையில் விழுந்த எண் 26,400. வினாடிக்கு அத்தனை பிட். லண்டனில் என் அறையில் இதே மொடம், அதாவது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி, 49,333-க்குக் கீழே இறங்கி நான் கண்டதில்லை. மாமாவுக்கு எண் ஒரு பொருட்டில்லை. "இந்தக் கத்துக் கத்துகிறதே மருமகன், உடைந்துவிடாதா?" என்றார்.

அதற்கு முன்பே அரை நாள் போயிருந்தது. லண்டனிலிருந்து கொண்டுபோன தொலைபேசி வயரின் முனை பிரித்தானியச் சுவர்ப்பெட்டிக்கு உரியது, இங்கே நுழையாது. பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போய், திருமலை வீதிக் கடையொன்றில் சின்ன முனை வயர் வாங்கி வந்தேன். செருகினால், இணைப்பொலியே இல்லையென்று மொடம் அடம்பிடித்தது. ரிசீவரைக் காதில் வைத்தால் ஒலி கேட்கிறது. அதன் சுருதிதான் மொடத்துக்குப் பழக்கமில்லை. ஏ.டி.எக்ஸ்.3 என்ற கட்டளையைச் சேர்த்தால் ஒலிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடும். அந்நாளில் ஊருக்கு மொடம் கொண்டுபோனவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடு எதற்கென்றால், மச்சாள் ரொறன்ரோவிலிருந்து பிள்ளையின் படங்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவற்றைப் பார்க்க மாமா சைக்கிளில் பாலம் கடந்து, தொலைத்தொடர்பு நிலையத்தில் காத்திருந்து, நிமிடக் கணக்கில் காசு கொடுத்துவந்தார். முழங்கால் வலிக்கார மாமி தன் பேத்தியின் ஒரு படத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

காலை, முன்னிரவு, நள்ளிரவு என்று மும்மூன்று தடவை சுழற்றி வேக எண்ணைக் குறித்துக்கொண்டேன். அந்த எண் வீட்டுக்கும் இணைய நிறுவனத்துக்கும் இடையிலான பாதையின் கதையை மட்டும் சொல்லும் என்பதால், ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே சுருக்கிவைத்த (zip) ஒரு மெகாபைட் கோப்பொன்றை இறக்கி மணியும் பார்த்தேன். வெறும் எழுத்துக் கோப்பு உதவாது. மொடங்கள் தாமே அதைச் சுருக்கி அனுப்பி இல்லாத வேகத்தைக் காட்டிவிடும். காலையில் ஆறு நிமிடம். இரவு எட்டு மணிக்கு எண் அதே 26,400. கோப்புக்குப் பதினொரு நிமிடம்.

முதல் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே அகப்பட்டான். படுக்கையறைக்கு இன்னொரு தொலைபேசி வேண்டுமென்று, யாரோ அழைப்புமணி வயரை முறுக்கி இழுத்துக் கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். நாடாவைப் பிரித்தால் செம்பு பச்சையாகிக் கிடந்தது. கடற்காற்றின் வேலை. அதை வெட்டிவிட்டேன்; மாமி முகம் சுளித்தார்; எண் 31,200-க்கு ஏறியது. ஒரு தடவை 33,600.

அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. 33,600 என்பது ஒரு சுவர். மொடப் பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருந்த 56 கே (வினாடிக்கு 56,000 பிட்) வேகம் 1998-இல் வந்த வி.90 முறைக்கு உரியது. அதற்கு, இணைய நிறுவனத்திலிருந்து வீடுவரை டிஜிட்டல் குறிகள் மின் அலையாக மாறும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தால் மொடம் பழைய வி.34-க்கு இறங்கிவிடும். அதன் உச்சமே 33,600.

தொலைபேசி நிறுவனத்தில் முறைப்பாடு செய்தேன். மூன்றாம் நாள் அங்கிருந்து வந்த தம்பி, தங்கமான பிள்ளை, ரிசீவரைத் தூக்கிக் கேட்டுவிட்டு, "கதை தெளிவாகத்தானே கேட்கிறது, அண்ணன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை, மனிதக் குரலுக்கென்று அளந்து வெட்டிய வாய்க்கால் இது. குரல் போனால் அவர்கள் கணக்கில் கம்பி நலம். பிறகு அவரே வீதிக் கம்பத்தில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினார். பக்கத்து வீட்டாருக்கு இணைப்புக் கொடுக்கத் தனிக் கம்பி இருக்கவில்லையாம்; ஒரே சோடிக் கம்பியில் இரண்டு வீட்டையும் டிஜிட்டலாக்கி அனுப்பி, அந்தப் பெட்டிதான் பிரித்துக் கொடுத்தது. இரண்டாவது மாற்றம் அங்கே. தனிக் கம்பிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள் அலுவலகத்தில். எப்போது கிடைக்கும் என்றதற்கு, படிவத்தை என் பக்கம் தள்ளினார்கள். மாதக் கட்டணப் பட்டியல் மட்டும் தவறாமல் வந்தது.

பிடிவாதத்தில் வேறு வீடுகளிலும் பார்த்தேன். புளியந்தீவில், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்துக்குக் கிட்ட இருந்த நண்பன் வீட்டில் முதல் சுழற்றிலேயே 46,667. ஆரையம்பதியில் பெரியம்மாவின் கம்பியில்லாத் தொலைபேசியில் 9,600. அதுவும் இரண்டு தடவை அறுந்தது. வாவிக்கு அப்பால், படுவான்கரையில் நான் போன கிராமத்தில் அளப்பதற்குத் தொலைபேசிக் கம்பமே இருக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, பதினொரு மணிக்குமேல், 31,200-இல் படங்களைத் திறந்தேன். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது: சுவர், முடி, நெற்றி. புருவம் வந்ததும் மாமி, "நம்மட அம்மாவின் புருவம் மனே" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏழு படங்கள், முக்கால் மணி நேரம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மாமா தேநீர் ஊற்றினார்.

இணைப்பைத் துண்டித்த மறுகணம் தொலைபேசி அடித்தது. மச்சாள். "முக்கால் மணி நேரமாக எடுக்கிறேன், யாரோடு அப்படிக் கதை?" என்று தகப்பனைப் பிடித்து ஏசினாள்.