டாஸ்க் போர்டில் கார்டு வரிசையை எப்படிச் சேமிப்பது: முழு எண்ணா, தசமமா, சரமா?

டெவலப்மென்ட் டீமுக்கு டாஸ்க் போர்டு கட்டத் தொடங்கும்போது, எந்த டிராக் அண்ட் டிராப் லைப்ரரி நல்லது என்ற பேச்சிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. லைப்ரரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கார்டின் வரிசையை டேட்டாபேஸில் எப்படி வைக்கிறோம் என்பதை மாற்றுவதுதான் கஷ்டம். ஒரு கார்டை நகர்த்தினால் எத்தனை ரோ (டேபிளின் வரி) எழுத வேண்டியிருக்கிறது? அதே நொடியில் இன்னொருவரும் நகர்த்தினால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டாலே எது எதற்குப் பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

1, 2, 3 என்று முழு எண்கள்

எல்லோரும் முதலில் எழுதுவது இதைத்தான். 200 கார்டு உள்ள லிஸ்டில் கடைசிக் கார்டை மேலே கொண்டுபோனால் 200 ரோவும் மாறும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ரோவின் புதிய பிரதியை எழுதும்; பழையது வேக்யூம் என்ற துப்புரவு வேலை வரும்வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பொசிஷன் ஃபீல்டுக்கு, ஒரே எண் இருமுறை வரக் கூடாது என்ற யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்டும் சாதாரண அப்டேட்கூடப் பாதியில் எரர் அடிக்கலாம். போஸ்ட்கிரஸ் அதை ரோ ரோவாகச் சரிபார்ப்பதே காரணம். கன்ஸ்ட்ரெயின்டை டிஃபரபிள் (சோதனையைத் தள்ளிப்போடலாம்) என்று அறிவித்தால் சரியாகிவிடும்.

இரண்டு பேர் ஒரே லிஸ்டில் எதிரெதிர்த் திசையில் கார்டை நகர்த்தினால் டெட்லாக் (ஒன்றுக்காக மற்றொன்று காத்து இரண்டும் நின்றுபோவது) வர வாய்ப்புண்டு. கார்டுகளைத் தொடுவதற்கு முன் அந்த லிஸ்டின் ரோவை 'செலெக்ட் ஃபார் அப்டேட்' மூலம் பூட்டிவிடுங்கள். கார்டு வேறு லிஸ்டுக்குப் போகிறதென்றால் இரண்டு லிஸ்டையும் ஐடி ஏறுவரிசையில் பூட்ட வேண்டும். இவ்வளவும் செய்து, முடிந்த கார்டுகளை ஆர்கைவுக்கு அனுப்பி லிஸ்டை நூறுக்குள் வைத்துக்கொண்டால், ஒரே டீம், ஒரே சர்வர் என்ற நிலைக்கு இந்த முறையே தாராளம். கோளாறு வந்தால் டேபிளைத் திறந்து கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம் என்பது சின்ன லாபமில்லை.

எண்களுக்கு நடுவே 65536 இடைவெளி விடுவது இதன் அடுத்த வடிவம். நகர்த்தினால் ஒரே ரோதான் மாறும். ஆனால் ஒரே இடுக்கில் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் 16 கார்டோடு இடம் தீர்ந்துவிடும். அடுத்த சுற்று வேலையைத் திட்டமிடும் ஸ்பிரின்ட் பிளானிங்கில் முதல் கார்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போவார்கள்; அதனால் இந்த 16 நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

தசம எண்கள்

ட்ரெல்லோ என்ற டாஸ்க் போர்டு செயலியின் வழி இது. அதன் ஏபிஐயில் கார்டின் 'பாஸ்' ஃபீல்டுக்கு டாப், பாட்டம் அல்லது ஏதாவதொரு நேர்ம தசம எண்ணைக் கொடுக்கலாம். இரு பக்கத்துக் கார்டுகளின் சராசரிதான் புதிய இடம்.

65536-க்கும் 131072-க்கும் நடுவே ஒரே பக்கமாகச் செருகினால் டபுள் பிரிசிஷன் (8 பைட் தசம எண்) 52 முறை தாங்கும். 53-வது முறை சராசரி பக்கத்து எண்ணுக்கே சமமாகிவிடும். எரர் எதுவும் வராது. பேஜை ரெஃப்ரெஷ் செய்யும்போது கார்டுகள் இடம் மாறித் தெரியும். பக் ரிப்போர்ட்டில் "சில சமயம் வரிசை மாறுது" என்று மட்டும் இருக்கும், காரணத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆகவே சராசரி கண்டதும் அது இரு பக்கத்துக்கும் சமமில்லை என்று சரிபாருங்கள். சமமென்றால் அதே டிரான்சாக்ஷனுக்குள் லிஸ்ட் முழுவதற்கும் புதிய எண் கொடுங்கள். லிஸ்டின் உச்சியில் சேர்க்கும்போது மட்டும் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை: பூஜ்ஜியத்தை நோக்கி ஆயிரம் முறைக்கு மேல் பாதியாக்கலாம்.

ஃபீல்டின் டைப்பையும் கவனியுங்கள். போஸ்ட்கிரஸில் 'ரியல்', மைஎஸ்கியூஎல்லில் 'ஃப்ளோட்' என்று போட்டால் அது 4 பைட்தான்; 52 முறை 23 ஆகச் சுருங்கிவிடும்.

சரம்

எழுத்துகளின் தொடரை (ஸ்ட்ரிங்) அகராதி வரிசையில் ஒப்பிடும் முறை இது: "15"-க்கும் "16"-க்கும் நடுவே "155". இடம் தீரவே தீராது, அதற்குப் பதிலாகச் சரம் நீளும். 62 எழுத்துகளை வைத்துக் கட்டினால், ஒரே இடுக்கில் சுமார் 6 முறை செருகும்போது ஓர் எழுத்து கூடும். வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவும் டாஸ்க் கருவியான ஜிராவும் இந்த வழியில்தான் போகின்றன. ஜிராவின் வரிசை முறையான லெக்ஸோராங்க்கில் நீளம் 128 எழுத்தைத் தொட்டால் மறுசீரமைப்புக்கு நேரம் குறிக்கப்படும், 160-ல் உடனே தொடங்கும், 254-ல் அது முடியும்வரை ரேங்க் மாற்றுவதே நின்றுவிடும். அங்கே ஒவ்வொரு ரேங்க்கின் முன்னாலும் 0, 1, 2 என்று ஒரு பக்கெட் எண் உண்டு. பின்னணியில் எல்லா ரேங்க்கையும் மாற்றி எழுதும்போது பழையதும் புதியதும் கலக்காமல் இருக்க அது உதவுகிறது. மிக நேர்த்தியான ஏற்பாடு.

சரத்தில் மூன்று இடங்களில் சறுக்கும். முதலாவது, எந்தச் சரமும் வரிசையில் முதலில் வரும் எழுத்தில் (இங்கே 0) முடியக் கூடாது. "1"-க்கும் "10"-க்கும் நடுவே எதையும் வைக்க முடியாது. அடுத்தது கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. மைஎஸ்கியூஎல் 8-ன் டிஃபால்ட் கொலேஷனுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். போஸ்ட்கிரஸும் மொழி சார்ந்த கொலேஷனில் வேறு வரிசை காட்டும். அந்த ஃபீல்டுக்கு மட்டும் போஸ்ட்கிரஸில் "சி" கொலேஷன், மைஎஸ்கியூஎல்லில் பைனரி கொலேஷன் கொடுங்கள். பிரௌசரிலும் லொக்கேல் பார்க்காமல் நேராக ஒப்பிடுங்கள். மூன்றாவது, இருவர் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் செருகினால் ஒரே சரம் பிறக்கும். ஐடியை வைத்து வரிசைப்படுத்தினால் அப்போதைக்குத் தீரும், ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே இனி எதுவும் போகாது. லிஸ்ட், சரம் இரண்டையும் சேர்த்து யூனிக் போட்டு, மோதினால் சர்வரே மறுபடி கணக்கிடட்டும்.

அடுத்த கார்டின் ஐடி

ஒவ்வொரு கார்டிலும் அடுத்த கார்டின் ஐடியை வைக்கும் லிங்க்ட் லிஸ்ட் வேண்டாம். படிக்க ஒவ்வொரு இணைப்பாகத் தொடரும் ரிகர்சிவ் குவெரி வேண்டும், பேஜினேஷன் (பக்கம் பக்கமாகப் படிப்பது) நடக்காது, ஓர் இணைப்பு அறுந்தால் அதற்குப் பின்னுள்ள கார்டுகள் எல்லாம் திரையில் காணாமல் போகும்.

புதிதாகக் கட்டுகிறீர்கள், சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் திரையில் உடனே நகர வேண்டும், அல்லது பேக்லாக் (காத்திருக்கும் வேலைகள்) ஆயிரக்கணக்கில் போகும் என்றால் சரம். உள்ளூர் டீமுக்கான சின்னக் கருவி என்றால் பூட்டோடு கூடிய முழு எண். ஏற்கெனவே தசமத்தில் ஓடுகிறதென்றால் அந்தச் சமச் சோதனையை மட்டும் சேருங்கள்.

எதை எடுத்தாலும் பொசிஷனைக் கிளையன்ட் (பிரௌசர் பக்கம்) அனுப்ப விடாதீர்கள். கிட்ஹப் ப்ராஜெக்ட்ஸின் ஏபிஐ 'இந்த ஐட்டத்துக்குப் பின்னால்' என்று ஐடியைத்தான் கேட்கிறது. மேல் கார்டு, கீழ்க் கார்டு இரண்டின் ஐடியையும் வாங்கிக்கொண்டால், ஒன்று அதற்குள் வேறு லிஸ்டுக்குப் போயிருந்தாலும் மற்றதை வைத்து இடம் குறிக்கலாம். நாளை எண்ணிலிருந்து சரத்துக்கு மாறும்போதும் வேலை சர்வருக்குள்ளேயே முடிந்துவிடும்: புதிய ஃபீல்டைச் சேர்த்து, இருக்கும் வரிசைப்படி சீரான இடைவெளியில் சரங்களை நிரப்பி, சில நாள் இரண்டிலும் எழுதி, பிறகு படிப்பதை மாற்ற வேண்டும்.