ரூட் வேர்ட்ஸ் கார்டு பாக்ஸ்: 'கல்' கார்டுக்காகவே வாங்கலாம், ஆனா ரெண்டு தப்பு இருக்கு

மெடிக்கல் கோடிங், அதாவது நோய்க்கெல்லாம் கோடு போடுற வேலை, அந்த கிளாஸ்ல சேர்ந்த புதுசுல மருத்துவ வார்த்தைங்க தான் என்னை படுத்தி எடுத்துச்சு, அதனால அந்த வார்த்தைகளோட வேர்ச்சொல்லை சொல்லிக்கொடுக்குற இந்த கார்டு பாக்ஸை ஆன்லைன்ல வாங்கினேன், 480 ரூபா, மூணு மாசமா பஸ்ல போறப்ப வரப்ப இதான் படிப்பு. பிராண்டு பேரு வேணாம், குறையும் சொல்லப்போறேன்.

முதல்ல நல்லது. கல்லுக்கு கிரேக்கத்துல லித்தோஸ், பெட்ரான்னு ரெண்டு சொல்லு இருக்கு, ரெண்டுக்கும் தனித்தனி கார்டு. 'லித்' கார்டுல முன்பக்கம் நீல எழுத்துல பெருசா அந்த வேர், கீழ ஒரு கூழாங்கல் படம், பின்பக்கம் பன்னெண்டு வார்த்தை. நெஃப்ரோலித்தியாசிஸ்னா கிட்னில கல்லு, கோலிலித்தியாசிஸ்னா பித்தப்பைல கல்லு. இந்த ரெண்டு நோய்க்கும் என்20, கே80ன்னு கோடு மட்டும் உருப்போட்டுட்டு இருந்தவளுக்கு வார்த்தையே பிரிஞ்சு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்.

போன மாசம் அப்பாவுக்கு கிட்னில கல்லு. டாக்டர் சீட்டுல லித்தோட்ரிப்சின்னு எழுதியிருந்தாங்க, அம்மா ஆபரேஷன்னு நினைச்சு அழுதுட்டாங்க. நான் சீட்டை வாங்கி பிரிச்சு சொன்னேன், லித்தோன்னா கல்லு, ட்ரிப்சின்னா தேய்ச்சு நொறுக்குறது, வெளிய இருந்தே ஷாக் வேவ், அதாவது அதிர்வலை அடிச்சு பொடியாக்குவாங்கம்மா, கத்தியே இல்லைன்னு. 1980லயே ம்யூனிக்ல இப்படி பண்ண ஆரம்பிச்சுட்டாங்கன்னு நான் சொன்னதும்தான் அம்மா காபி குடிச்சாங்க. அந்த ஒரு நாளுக்கே 480 ரூபா தகும்.

இப்ப குறை. வார்த்தைக்கு அர்த்தம் இருக்கு, அது எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. பிரசவத்துல படுக்க வைக்கிற நிலைக்கு ஏன் லித்தோடமி பொசிஷன்னு பேரு? அந்தக் காலத்துல மூத்திரப்பை கல்லை வெட்டி எடுக்க ஆளை அப்படித்தான் படுக்க வச்சாங்க, டமின்னா வெட்டுறது. இது தெரிஞ்சா ஜென்மத்துக்கும் மறக்காது, கார்டுல இடமும் நிறைய சும்மா தான் கிடக்கு.

லித்தியத்துக்கும் அதே கதி, 'ஒரு உலோகம்'னு முடிச்சுட்டாங்க. 1817ல ஸ்டாக்ஹோம்ல பெர்சீலியஸ்ங்கிற கெமிஸ்ட்டோட லேப்ல ஆர்ஃப்வெட்சன்ங்கிறவர் ஒரு கல்லுல இருந்து அதை கண்டுபிடிச்சார், பொட்டாசியம் மாதிரி செடிச் சாம்பல்ல இல்லாம கல்லுல கிடைச்சதால தான் அந்தப் பேரு. நம்ம போன் பேட்டரில இருக்குறதும் அதே கல்லுப் பேரு தான்.

அந்தக் கல்லு பேரு பெட்டலைட், தப்பு நடந்ததும் அங்கதான். அதை 'பெட்ரா' கார்டுல போட்டுட்டாங்க. பெட்டலான்னா இலை, இலை இலையா பிளவுறதால அந்தப் பேரு, கடைசில வர்ற 'லைட்' மட்டும் தான் லித்தோஸ். ரெண்டாவது தப்பு சாட்டிலைட், அதையும் கல்லு லிஸ்ட்ல சேர்த்துருக்காங்க, அது லத்தீன்ல இருந்து வந்தது, கூடவே போற காவலாள்னு அர்த்தம், கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பரீட்சைக்குப் படிக்கிறவங்க கையில போற பொருள்ல இப்படி இருக்கக்கூடாது, மெயில் போட்டேன், இன்னும் பதில் வரல.

'பெட்ரா' கார்டுல மத்தது எல்லாம் சரி. பெட்ரோலியம்னா பாறை எண்ணெய், பார்ஸ்லி கீரையும் பாறைல முளைக்கிற செலரின்னு இருந்த சொல்லு தேஞ்சு வந்தது. பீட்டர்ங்கிற பேரும் இதே தான், தமிழ் பைபிள்ல பேதுரு, அதுக்கு முந்தின அராமிக் பேரு கேபா, அதுவும் கல்லு தான்!

அட்டை கனமா இருக்கு, மழைல நனைஞ்சும் எழுத்து அழியல. நர்சிங், கோடிங் படிக்கிறவங்க தாராளமா வாங்குங்க, வந்த உடனே பெட்டலைட், சாட்டிலைட் ரெண்டையும் பேனாவால அடிச்சுடுங்க, நான் பெட்டலைட் பக்கத்துல சின்னதா ஒரு இலை வரைஞ்சு வச்சிருக்கேன்.